ஆவாரை: விதை முளைக்கவில்லை, வாங்கிய நாற்றும் ஆவாரைதானா என்று சந்தேகம்

செம்மண்வீடு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் சுமார் மூன்று சென்ட் காலி இடம் இருக்கிறது. செம்மண், ஓரமாகச் சரளை, நாள் முழுக்க வெயில். பட்டாம்பூச்சிக்கும் வண்டுக்கும் பயன்படுகிற மாதிரி, நம்ம மண்ணுக்கே உரிய புதர்ச்செடியாக இருக்கட்டும் என்று ஆவாரையைத் தேர்ந்தெடுத்தேன்.

சாலையோரச் செடியில் பறித்த நெற்றிலிருந்து விதை எடுத்து, அறுபது விதை தட்டில் போட்டேன். தினமும் தண்ணீர் தெளித்தும் மூன்று வாரத்தில் நான்குதான் முளைத்தன. விதையில் கோளாறா, முறையில் கோளாறா?

இதற்கிடையில் ஒரு நாற்றங்காலில் 'ஆவாரை' என்று சொல்லி இரண்டு நாற்று கொடுத்தார்கள். சாலையோரச் செடியின் இலையோடு ஒப்பிட்டால் இது பெரிதாக, நுனி கூர்மையாக இருக்கிறது. ஆவாரையில் இப்படி ஒரு வகை உண்டா? நடுவதற்கு முன் தெரிந்துகொண்டால் நல்லது. குழி, இடைவெளி, உரம் பற்றியும் சொல்லுங்கள்.

விதைக்கூடை:

விதை நன்றாகத்தான் இருக்கும். தட்டைக் கிளறி முளைக்காத விதைகளில் பத்தை எடுத்துப் பாருங்கள். போட்டபோது இருந்த அதே அளவில், நகத்தால் அழுத்தினாலும் பதியாமல் கல் மாதிரி இருந்தால் அதற்குள் இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் போகவில்லை என்று பொருள். ஆவாரை விதையின் தோல் தண்ணீரை உள்ளே விடாது. எத்தனை நாள் தெளித்தாலும் இதே கதைதான். அந்த விதைகளையே கழுவி மறுபடியும் பயன்படுத்தலாம். நசுங்கிக் கூழானால் மட்டும் தூக்கிப் போடுங்கள்.

தோலில் ஒரு இடத்திலாவது காயம் வேண்டும். அறுபது விதைக்கு உப்புத்தாளே போதும். கொஞ்சம் சொரசொரப்பான தாளாக, 80 அல்லது 100 எண் தாளாக வாங்கி, ஒரு துண்டைத் தரையில் வைத்து அதன் மேல் விதையைப் பரப்புங்கள். இன்னொரு துண்டால் மூடி, உள்ளங்கையால் ஒரு நிமிடம் தேயுங்கள். விதையின் பளபளப்பு போய் மங்கினால் நிறுத்திவிடலாம். உள்ளே வெளிர்நிறப் பருப்பு தெரியும் வரை தேய்த்தால் அது முளைக்காமல் அழுகும். ஒவ்வொன்றாகச் செய்யப் பொறுமை இருந்தால் நகவெட்டி இன்னும் நம்பகமானது. கூர்மையான முனையில்தான் முளை இருக்கிறது, அந்தப் பக்கம் கத்தி படக்கூடாது. அகன்ற பக்கத்து ஓரத்தில் ஊசிமுனை அளவு கிள்ளினால் போதும்.

பிறகு சாதாரணத் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வையுங்கள். காலையில் பார்த்தால் காயம் பட்ட விதைகள் உப்பிப் பெரிதாகியிருக்கும். உப்பியதை மட்டும் விதைத்துவிட்டு, அப்படியே கிடப்பதை மறுபடியும் தேயுங்கள். ஊறிய விதையைக் காய விடாமல் அன்றைக்கே மண்ணில் போட்டுவிட வேண்டும்.

தட்டில் போடாதீர்கள். ஆவாரை முதலில் ஆணிவேரைத்தான் கீழே விடும். மேலே நான்கு இலை வருவதற்குள் வேர் தட்டின் அடியைத் தொட்டு வளைந்துவிடும். 5 அங்குல அகலம், 9 அங்குல உயரமுள்ள நாற்றுப்பை நல்லது. இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழுவுரம். பைக்கு இரண்டு விதை, ஒரு சென்டிமீட்டர் ஆழம். அதற்குக் கீழே போனால் விதையிலைகள் மண்ணை முட்டிக்கொண்டு வெளியே வராது. நல்ல சூடு இருந்தால் ஐந்து முதல் பத்து நாளில் தலை காட்டும். முளைத்ததும் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். மேல்மண் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். தண்டு மண்ணோடு ஒட்டிய இடத்தில் நூல் மாதிரி சுருங்கி நாற்று சாய்ந்தால், அது ஈரம் மிஞ்சியதால் வந்த அழுகல்.

இரண்டு, இரண்டரை மாதத்தில் நட்டுவிடுங்கள். பைக்குள் ஆறு மாதம் கிடந்து வேர் வட்டம் சுற்றிய நாற்றை நட்டால் முதல் ஆண்டு பச்சையாக நின்று ஏமாற்றும். காற்று பலமாக அடிக்கும்போது வேரோடு சாயும், இல்லாவிட்டால் கோடையில் காயும்.

விதை சேகரிப்பு பற்றியும் ஒன்று. நெற்று காகிதம் மாதிரிப் பழுப்பாகி, ஆட்டினால் சலசலக்கும்போது பறிக்க வேண்டும். விதையில் குண்டூசித்தலை அளவு வட்ட ஓட்டை இருந்தால் விதைவண்டு உள்ளே தின்றுவிட்டு வெளியேறிவிட்டது, அது ஆகாது. ஓட்டை இல்லாத விதைக்குள்ளும் புழு இருக்கலாம். அதனால் நன்றாகக் காயவைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, நான்கைந்து நாள் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள். உள்ளே இருக்கும் புழு செத்துவிடும், காய்ந்த விதைக்கு ஒன்றும் ஆகாது. இந்த வேலையைச் செய்யாமல் டப்பாவை ஓரமாக வைத்தால் இரண்டு மாதம் கழித்து மாவுதான் இருக்கும்.

மானாவாரி:

விதைக்கூடை சொன்னதோடு வெந்நீர் முறையையும் சேர்த்துக்கொள்ளலாம். கால் கிலோ விதையை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டிருக்க முடியாது. விதை ஒரு டம்ளர் என்றால் தண்ணீர் பத்து டம்ளர். கொதித்ததும் அடுப்பிலிருந்து இறக்கி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, அதில் விதையைக் கொட்டிவிட வேண்டும். மூடாமல் அப்படியே ஆறட்டும், மறுநாள் காலை எடுக்கலாம். அடுப்பில் இருக்கும்போதே விதையைப் போட்டால் வெந்துவிடும். இது எல்லா விதையையும் ஒரே மாதிரி ஊற வைக்காது, உண்மைதான். ஊறாமல் மீந்ததை இரண்டாவது முறை போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று. மூன்று சென்ட் முழுக்க நாற்று நட வேண்டும் என்றில்லை. தண்ணீர் வசதி இல்லாத பகுதியில் நேரடியாக விதைப்பதுதான் நல்லது, வேர் ஒரு தடவையும் தொந்தரவு இல்லாமல் நேராக இறங்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கி மண் ஒரு சாண் ஆழம் நனைந்த பிறகு, ஒரு இடத்துக்கு நான்கைந்து விதை ஊன்றுங்கள். அதில் பாதி ஊற வைத்தது, பாதி ஒன்றும் செய்யாத விதை. முதல் மழைக்குப் பின் இருபது நாள் வெயில் காய்ந்தால் ஊற வைத்தது முளைத்து வாடிவிடும். கல்லாகக் கிடக்கும் மீதி, அடுத்த மழைக்கோ அடுத்த ஆண்டுக்கோ முளைக்கும். காட்டில் இந்தச் செடி தப்பிப்பதும் இப்படித்தான். அந்தக் கெட்டித் தோலை முழுக்கக் குறையாக நினைக்க வேண்டாம்.

புதர்க்காடு:

நாற்று பற்றி. இலையின் அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள், நிழலில் வளர்த்த நாற்றுக்கு எல்லாமே பெரிதாக இருக்கும். இலைக்காம்பு தண்டோடு சேருமிடத்தைப் பாருங்கள். ஆவாரையில் அங்கே இரண்டு பக்கமும் காதுமடல் மாதிரி, நுனியில் சின்ன முள் போன்ற கூருடன், பச்சை இலையடிச் செதில் இருக்கும். சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிதாகத் தெளிவாகவே தெரியும், சீக்கிரத்தில் உதிராது. 'சென்னா ஆரிகுலேட்டா' என்ற அறிவியல் பெயரில் உள்ள ஆரிகுலேட்டா இந்தக் காதைத்தான் சொல்கிறது. பழைய நூல்களில் 'காசியா ஆரிகுலேட்டா' என்று இருக்கும், இரண்டும் ஒன்றே. அடுத்ததாக, ஒரு கூட்டிலையில் எதிரெதிராக இருக்கும் சிற்றிலை ஜோடிகளுக்கு நடுவில், காம்பின் மேல், சின்னக் குச்சி போல நிமிர்ந்த சுரப்பிகள். கையால் தடவினாலே முடிச்சு முடிச்சாகத் தட்டுப்படும். சிற்றிலையின் நுனி பொதுவாக மழுங்கியிருக்கும்.

உங்கள் நாற்றில் காதுமடல் இல்லை, சிற்றிலை நுனி கூர்மை என்றால் அது ஆவாரை இல்லை. மஞ்சள் பூ பூக்கும் வெளிநாட்டுச் சென்னா வகைகள் பல இப்படிப் பெயர் மாறி விற்கப்படுகின்றன. அவற்றில் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த சென்னா ஸ்பெக்டாபிலிஸ் முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டுக்குள் புகுந்து, கீழே ஒன்றும் முளைக்க விடாமல் அடைத்துக்கொண்டு நிற்கிறது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பத்துத் தளிர் கிளம்பும். இது மரமாக உயரும், சிற்றிலை நீண்டு கூராக இருக்கும். உங்கள் நாற்று அதுதான் என்று படம் பார்க்காமல் சொல்ல மாட்டேன். ஆனால் சந்தேகம் உள்ள நாற்றை மண்ணில் வைக்காதீர்கள். தொட்டியிலேயே பூக்கும் வரை வைத்துப் பார்க்கலாம், அல்லது பிடுங்கிவிடலாம்.

உண்மையான ஆவாரை நாற்றாகவே இருந்தாலும், விற்பனை நாற்றுக்கு வேர்வழிப் பூச்சிமருந்து ஊற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். இமிடாகுளோபிரிட் மாதிரி மருந்து இலைக்குள் ஏறி வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தங்கும். அந்த இலையைத் தின்னும் புழு செத்துப்போகும். பட்டாம்பூச்சிக்காக வைக்கும் செடிக்கு நாமே விதை போட்டு வளர்ப்பது இதனால்தான் நல்லது.

செம்மண்வீடு:

மூவருக்கும் மிக்க நன்றி. இப்போதுதான் பார்த்தேன், நாற்றில் காதுமடல் இல்லை. சாலையோரச் செடியில் அச்சடித்த மாதிரி இருக்கிறது. நாற்றைப் பிடுங்கிவிடுகிறேன். தட்டு விதைகளும் கல்லாகவே இருக்கின்றன, இன்று இரவே தேய்த்து ஊறப் போடுகிறேன்.

மேலும் சில கேள்விகள். இந்தச் சாலையோரச் செடி முழுக்க மஞ்சளாகப் பூத்திருக்கிறது, ஆனால் ஒரு பட்டாம்பூச்சியும் பூவில் உட்காரவில்லை, தேன்சிட்டும் வரவில்லை. கருப்பு வண்டு மட்டும் வருகிறது. அப்படியானால் பட்டாம்பூச்சிக்கு இது பயன்படுமா? புழு வந்தால் வேப்பெண்ணெய் தெளிக்கலாமா?

கருவண்டு:

நல்ல கேள்வி. ஆவாரம்பூவில் தேன் கிடையாது. அதனால் தேன் உறிஞ்ச வரும் பட்டாம்பூச்சிக்கும் தேன்சிட்டுக்கும் அங்கே வேலை இல்லை. பூ கொடுப்பது மகரந்தம் மட்டும், அதையும் எளிதில் கொடுக்காது. ஒரு பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். பத்து மகரந்தக் காம்புகளில் மேலே இருக்கும் மூன்று சிறுத்து மலடாக இருக்கும். அடியில் இருப்பவை நீண்டு, கொம்பு மாதிரி வளைந்து நிற்கும். மற்ற பூக்களில் மகரந்தப்பை நீளவாக்கில் பிளந்து பொடி வெளியே ஒட்டியிருக்கும். இதில் பை மூடியே இருக்கும், நுனியில் மட்டும் சிறு துளை. உப்பு டப்பா மாதிரி, குலுக்கினால்தான் கொட்டும்.

அதைக் குலுக்குவது நீங்கள் பார்த்த அந்தக் கருவண்டுதான். வண்டு என்கிறோமே தவிர அது தேனீ இனம், தச்சுத் தேனீ. பூவை வயிற்றோடு அணைத்துப் பிடித்து, இறக்கையை விரிக்காமல் பறக்கும் தசையை மட்டும் அதிர வைக்கும். அந்த நொடியில் ரீங்காரம் சட்டென்று மாறி உச்சத்துக்குப் போவதை இரண்டடி தள்ளி நின்றே கேட்கலாம். பூவே நடுங்கும், மகரந்தம் புகை மாதிரி அதன் வயிற்றில் அடிக்கும். நீலப் பட்டை போட்ட வேகமான சிறு தேனீ ஒன்றும் இதே வேலையைச் செய்யும். நம் அடுக்குத் தேனீக்கும் மலைத்தேனீக்கும் இப்படி அதிர வைக்கத் தெரியாது, சிந்தியதைப் பொறுக்கிக்கொள்ள மட்டும் வரும்.

அதனால் ஆவாரை வைக்கிறவர் கருவண்டுக்கு வீடும் விட்டுவைக்க வேண்டும். அது காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் துளை போட்டுக் குஞ்சு வளர்க்கும். தோட்டத்து ஓரத்தில் பட்டுப்போன முருங்கைக் கிளை, கை கனம் உள்ள காய்ந்த கட்டை, ஒரு முனை கணுவோடு அடைத்திருக்கும் மூங்கில் துண்டு நான்கைந்து இருந்தால் போதும். மழை நேரடியாகப் படாத இடமாக, இடுப்பு உயரத்துக்கு மேல், ஆடாமல் கட்டிவிடுங்கள். வண்ணமோ வார்னிஷோ பூசக்கூடாது. செடி நிறையப் பூத்தும் நெற்றே பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் வண்டு வரவில்லை என்பதே காரணம், அங்கே உரம் போட்டுப் பயனில்லை. ஒற்றைச் செடியாக இல்லாமல் மூன்று நான்கு செடி சேர்ந்து நின்றால் வண்டு தேடி வரும்.

இனி பட்டாம்பூச்சி. அதற்கு இந்தச் செடியில் வேண்டியது இலை. வெள்ளையில் இளம்பச்சை கலந்து, உயரத்தில் விர்ரென்று நேராகப் பறந்து போகும் மாட்டில்ட் எமிக்ரன்ட்டும், தரையோரம் தத்தித் தத்திப் பறக்கும் கிராஸ் யெல்லோ என்கிற சின்ன மஞ்சளும் ஆவாரை இலையில் முட்டையிடும். எமிக்ரன்ட் முட்டையைப் பார்க்க வேண்டுமானால் மழைக்குப் பின் வரும் வெளிர்பச்சைத் தளிரைப் புரட்டுங்கள். ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான உயரத்தில், இரு முனையும் ஒடுங்கி, நட்டு வைத்த நெல்மணி மாதிரி நிமிர்ந்து நிற்கும். ஒரு இடத்தில் ஒன்றுதான் இடும். புழு இலைப் பச்சை, பக்கவாட்டில் வெளிறிய கோடு, அதன் மேல் வரிசையாகக் கரும்புள்ளி. சிற்றிலையின் நடுநரம்பு மேல் நீட்டிப் படுத்திருக்கும், நேரில் தேடினால் கண்ணில் படாது. கீழ் இலையில் கரும்பச்சைக் குருணையாக எச்சம் விழுந்திருந்தால் அதற்கு நேர் மேலே தேடுங்கள். முட்டையிலிருந்து இறக்கை விரிக்க ஏறத்தாழ மூன்று வாரம்.

எனவே வேப்பெண்ணெய் கூடவே கூடாது. அதில் உள்ள அசாடிராக்டின் புழுவைத் தோலுரிக்க விடாது, தின்பதையும் நிறுத்தும். 'இயற்கை மருந்து' என்ற பெயர் இங்கே பட்டாம்பூச்சிக்கு உதவாது. பாக்டீரியா மருந்தான பி.டி.யும் அப்படியே, அது புழுவைக் கொல்வதற்கென்றே உள்ளது. ஒரு ஆண்டுக்கு மேற்பட்ட ஆவாரையைப் புழு மொட்டையடித்தாலும் இரண்டு மூன்று வாரத்தில் தளிர்த்துவிடும். முழங்கால் உயரம்கூட இல்லாத இளஞ்செடியில் பத்துப் புழு இருந்தால் மட்டும், புழு இருக்கும் கொப்பை ஒடித்து வளர்ந்த செடியில் செருகிவிடுங்கள். புழுவைக் கையால் பிய்த்து எடுத்தால் கால் நசுங்கும்.

எறும்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புதர்க்காடு குறிப்பிட்ட அந்தக் குச்சிச் சுரப்பியில் இனிப்பு நீர் ஊறும், அதைக் குடிக்கத்தான் எறும்பு ஏறுகிறது. சில முட்டைகளை அது தூக்கிக்கொண்டு போகும், குளவியும் தையல்சிட்டும் கதிர்க்குருவியும் புழுவைக் கொத்தும். பறவைக்கும் சேர்த்துத்தானே செடி வைக்கிறோம்? எறும்புப் பொடி போட வேண்டாம். மாவுப்பூச்சி அப்பியிருந்தால் முதலில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிப் பாருங்கள். போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி சோப்புக் கரைசல் கலந்து, அந்த இடத்தில் மட்டும் தூரிகையால் தடவலாம்.

வளர்ந்த பட்டாம்பூச்சிக்குத் தேன் வேறு இடத்தில் வேண்டும். ஆவாரைகளுக்கு இடையில் தும்பையைத் தானாக வளர விடுங்கள், ஓரத்தில் வெட்சியும் நொச்சியும் ஒவ்வொன்று வைக்கலாம். பூ நிறைய இருக்கிறதே என்று உண்ணிச்செடியைக் கொண்டுவர வேண்டாம். அது வெளியிலிருந்து வந்து காட்டை அடைத்த செடி.

மானாவாரி:

குழி, உரம் பற்றி யாரும் சொல்லவில்லை. ஒரு அடிக்கு ஒரு அடி குழி போதும், தோண்டிய மண்ணையே திருப்பிப் போடுங்கள். இரண்டு கை மக்கிய எரு சேர்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். புதராகப் பரவ ஐந்தடி இடைவெளி, வேலியாக வேண்டுமானால் மூன்றடி. முதல் மாதம் நான்கு நாளுக்கு ஒரு தண்ணீர், பிறகு முதல் கோடை முடியும் வரை வாரம் ஒன்று. அதற்குப் பின் மழையே போதும். மழைத் தண்ணீர் தேங்கும் பள்ளமாக இருந்தால் மண்ணை ஒரு அடி மேடாக்கி அதன் மேல் நடுங்கள். வேர் இரண்டு மூன்று நாள் தண்ணீரில் நின்றாலே இலை மஞ்சளித்துக் கொட்டும்.

அவரைக் குடும்பம் என்பதால் இது மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும் என்று பலர் சொல்வார்கள். அதற்குக் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் பாக்டீரியா தங்கும் வேர்முடிச்சு வேண்டும், சென்னா வகைகளின் வேரில் பொதுவாக அந்த முடிச்சு உண்டாவதில்லை. இலையை வெட்டிப் போட்டால் நல்ல தழையுரம், அது வேறு விஷயம். அதேபோல் யூரியா போட்டால் தளதளவென்று உயரும், பூ குறையும், தளிரில் மாவுப்பூச்சி ஏறும்.

விதைக்கூடை:

கவாத்தையும் சேர்த்துவிடுகிறேன். பூங்கொத்து கிளை நுனியில் வருவதால் நுனி எண்ணிக்கை கூடினால் பூவும் கூடும். செடி ஒன்றரை அடி உயரும்போது குருத்தை ஒரு தடவை கிள்ளிவிடுங்கள், நான்கைந்து கிளை பிரியும். பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, விதை எடுத்த பின், மழைக்கு முன்பாக, முழங்கால் உயரத்துக்கு வெட்டலாம். அடிக்கட்டையிலிருந்து நன்றாகத் தளிர்க்கும். எல்லாச் செடியையும் ஒரே ஆண்டில் வெட்டாதீர்கள். இந்த ஆண்டு பாதி, அடுத்த ஆண்டு மீதி. வெட்டிய கொப்பையும் உடனே எரிக்காமல் செடியடியில் மூன்று வாரம் கிடக்க விடுங்கள். கூட்டுப்புழு இலையோடு இலையாகப் பச்சையாகத் தொங்கும், வெட்டும்போது தெரியாது.